ஏதென்ஸ் பிடித்துக்கொண்ட பி.டி. பீரியட்

போன மாதம் என் பழைய பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, கால அட்டவணையை இப்போதெல்லாம் இதுவே போட்டுவிடுகிறது என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார்கள். நான் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தின் ஒரு வாரம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நின்றது. எனக்கு அந்த வேலைக்குக் கோடை விடுமுறையில் பாதி போய்விடும்.

"பிரமாதமா இருக்கே. அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சண்ட மட்டும் நிக்க மாட்டேங்குது சார். நீங்க பத்தொம்பது வருசம் எப்படி சமாளிச்சீங்க?"

நான் சமாளித்தேன் என்பது நான் ஓய்வு பெற்ற பிறகு கிளம்பிய வதந்தி. உண்மையில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் நடந்த மிகப் பெரிய போருக்குப் பெயர் வைத்தவன் நான். பெயர் வைத்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நானும் கொள்ளையில் பங்கு வாங்கியிருந்தேன். அதை அவர்களிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எழுதினால் கூச்சம் குறையும் என்று எழுதுகிறேன்.

நான் சரித்திர ஆசிரியர். பி.எட். முடித்து, இரண்டு வருடம் தற்காலிகப் பணியில் அலைந்து, காரைக்கால் நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதில் சுவாரசியம் இல்லை. வந்த நாலாம் வருடம், கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் கால அட்டவணைப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

அட்டவணை போடும் முறையைச் சொல்கிறேன். ஒரு பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைப்பேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறத்தில் அட்டைத் துண்டு. கணக்குக்குப் பச்சை, அறிவியலுக்குச் சிவப்பு, விளையாட்டுக்கு வெள்ளை. வெள்ளைத் துண்டுகளைக் கடைசியில்தான் வைப்பேன். மீதி எல்லாம் உட்கார்ந்த பிறகு எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அது பி.டி. பீரியட். பந்தியில் கடைசி இலைக்குப் போகிற பாயசம் போல. மின்விசிறியைப் போடக் கூடாது, போட்டால் பத்தாம் வகுப்பு பறந்து ஆறாம் வகுப்பில் விழுந்துவிடும்.

தலைமையாசிரியர் லூர்து சார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டு வழக்கத்தில் லூர்து சார் எந்தப் பேச்சையும் "போன்" என்று சொல்லித்தான் முடிப்பார். நல்லது என்று அர்த்தமாம். இடி விழுந்தது என்று சொன்னாலும் போன்தான். அவர் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ள மாட்டார். "ஆபீசுக்கு இது வருத்தமா இருக்கு" என்பார். "ஆபீசுக்கு இன்னிக்கி லேசா ஜுரம்" என்றும் சொல்லியிருக்கிறார். எந்தப் புகாரோடு போனாலும் ஒரே பதில், "எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தால் அதை 'பரிசீலனையில்' என்று எழுதிய ஒரு பழுப்புக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டிவிடுவார். அந்தக் கோப்புக்குள் போன எந்தக் காகிதமும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை என் சொந்தத் திருமணப் பத்திரிகையையே அதில் வைத்துக் கட்டினார்.

இனி போர். கணக்கு ஆசிரியை வசந்தா மேடம் கோட்டுச்சேரிக்காரர். அறிவியல் ஆசிரியர் ஜபருல்லா சார் காரைக்கால்காரர், அண்ணன் தம்பிகள் எல்லாம் வளைகுடாவில் இருக்க இவர் மட்டும் சாக்பீஸைப் பிடித்தவர். இருவருமே நல்ல ஆசிரியர்கள். அதுதான் பிரச்சினையே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தன் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கக் கூடாது என்று இருவருக்கும் வெறி. அதற்கு நேரம் வேண்டும். நேரம் எங்கே இருக்கிறது? பி.டி. பீரியடில்.

பி.டி. சார் பெயர் கலியமூர்த்தி. குரும்பகரத்தில் வீடு, கொஞ்சம் நெல் வயல். ஆறடி உயரம், குரல் மட்டும் தணிந்தது. "சார், இன்னிக்கி ஒருநாளைக்கு மட்டும்" என்று யார் வந்து நின்றாலும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எடுத்துக்குங்க" என்பார். அந்த 'ஒருநாள்' ஜூன் மாதத்தில் ஆரம்பித்து மார்ச்சில்தான் முடியும்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் கிரேக்க நகர அரசுகள் நடத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பாடம் காரைக்கால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். வடக்கே பூவத்தைத் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் வேறு மாநிலம். புதுச்சேரி அரசில் நம்மோடு சேர்ந்த மாஹேயும் ஏனாமும் எங்கேயோ கடலோரத்தில் கிடக்கின்றன. ஒரே மொழி பேசுகிறவர்கள் ஊருக்கு ஓர் அரசாக இருந்தார்கள் என்றால், "இதுல என்ன சார் அதிசயம்?" என்றுதான் கேட்பார்கள்.

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தால் அங்கே வசந்தா மேடமும் ஜபருல்லா சாரும் பத்தாம் 'அ' பிரிவின் வியாழக்கிழமை பி.டி. பீரியட் யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது கலியமூர்த்தியுடையது என்று அவர்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அப்படியே ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும்தான்" என்றேன்.

அன்று மதியமே வசந்தா மேடத்தின் மேஜை ஏதென்ஸ் ஆகிவிட்டது. ஜன்னலும் பீரோவும் அந்தப் பக்கம் இருந்தன, செல்வாக்கான நகரம். ஜபருல்லா சாருக்குச் சர்க்கரை நோய், டீயில் சீனி கிடையாது, பிஸ்கட் கிடையாது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஸ்பார்ட்டா அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆங்கில ஆசிரியர் ஏதென்ஸ் பக்கம் சேர்ந்தார். தமிழ் ஐயா இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார். கேட்டால், ஆர்கோஸ் என்ற நகரம் அப்படித்தான் செய்தது என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். ஏழே ஏழு மாணவர்களை வைத்துக்கொண்டு மீதி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சு ஆசிரியை, கிரேக்கர்கள் குறி கேட்கப் போன டெல்பி கோயில். முக்கியமான முடிவு எதுவானாலும் அவரிடம் போய்க் குறி கேட்டுவிட்டு வந்தார்கள்.

கிரேக்கர்கள் உடன்படிக்கை செய்யும்போது, 'உன் நண்பன் என் நண்பன், உன் எதிரி என் எதிரி' என்று சத்தியம் செய்வார்கள் என்பதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பழுப்பு அட்டை போட்ட நோட்டில் அதையே எழுதிக் கையெழுத்திட்டார்கள். விளைவு, வசந்தா மேடம் விடுப்பு எடுத்த நாளில் அவருடைய வகுப்புக்குப் போக ஸ்பார்ட்டா பக்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் நீட்டிய மாற்று வகுப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தமிழ் ஐயா, "இதுல போனா உடன்படிக்கைய மீறுனதாயிடும் சார்" என்று கவலையோடு சொன்னார். லூர்து சாரிடம் போனேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கலியமூர்த்தியின் நாற்காலி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மெலோஸ் என்று நான்தான் பெயர் வைத்தேன். யாரோடும் சேரமாட்டோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று சொன்ன சின்னத் தீவு. ஏதென்ஸ் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பிடித்தது. கலியமூர்த்தி கால்பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆம்பளைங்க எல்லாரையும் கொன்னுட்டாங்களா சார்?"

"ஆமாம்."

"அந்தத் தீவுல கிரவுண்டு இருந்துச்சா?"

"தெரியலையே."

"அதையும் எடுத்துருப்பாங்க" என்று சொல்லிவிட்டு பம்பைக் கழற்றினார்.

எல்லாரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பெல்லாம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரும் வரைக்கும்தான். ஒவ்வோர் ஆசிரியரும் நடப்புப் பருவத்தில் உண்மையாக எடுத்த பீரியட்கள் எத்தனை என்று வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து அனுப்ப வேண்டும். குறைவாக எடுத்தவர்கள் உபரி. உபரி ஆசிரியர்களைக் காலியிடம் உள்ள ஊருக்கு மாற்றுவார்கள். பி.டி. ஆசிரியருக்குக் காலியிடம் ஏனாமில் இருந்தது. ஏனாம் ஆந்திரக் கடற்கரையில் இருக்கிறது. ரயிலேறினால் போய்ச் சேர்வதற்குள் கொண்டுபோன சோறு ஊசிப்போகும்.

வகுப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பீரியடுக்கும் எடுத்தவர் சுருக்கொப்பம் போட வேண்டும். நான் பதிவேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பி.டி. என்று அச்சடித்த கட்டங்களில் வரிசையாக வசந்தா மேடத்தின் பச்சை மை. அதற்கடுத்து ஜபருல்லா சாரின் 'ஜ'. கலியமூர்த்தியின் ஒப்பம் மழைக்காலத்து வெயில் போல அங்கொன்று இங்கொன்று. பிறகு ஒன்பதாம் 'ஆ' பிரிவின் பதிவேட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட், பி.டி. அதில் வாரா வாரம் ஓர் அழகான கையெழுத்து. என் கையெழுத்து.

நடத்திய பாடம் என்ற இடத்தில் 'கிரேக்க நகர அரசுகள்' என்று எழுதியிருந்தேன். மெலோஸை ஏதென்ஸ் விழுங்கிய கதையை, மெலோஸின் பீரியடைப் பிடுங்கி, அதில் உருக்கமாக நடத்தியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் நான் வேடிக்கை பார்க்கிறவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா மேடத்திடம் போனேன். "நான் திருப்பிக் குடுத்துடுறேன் சார். ஆனா முதல்ல அவரு குடுக்கட்டும். நான் விட்ட பீரியட அவரு புடிச்சிக்கிட்டா எம்புள்ளைங்க கதி?"

ஜபருல்லா சாரிடம் போனேன். "அவங்க ரெண்டு குடுத்தா நான் மூணு குடுக்குறேன், இன்ஷா அல்லாஹ். ஆனா அவங்கதான் ஆரம்பிக்கணும்."

கிரேக்கத்தில் இப்படியே இருபத்தேழு வருடம் ஓடியது. எனக்கு ஒரு வாரம்தான் அவகாசம். மைதானத்துக்குப் போனேன். கலியமூர்த்தி சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். விளையாட யாருமில்லை, ஆனாலும் கோடு நேராக இருந்தது.

"ஏன் சார் ஒருநாள்கூட முடியாதுன்னு சொல்லலை?" என்று கேட்டேன்.

அவர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். "எங்கப்பா படுத்து நாலு வருசமாச்சு சார். பக்கவாதம். மத்தியானம் ஒருதரம் புரட்டிப் போடணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். என்னைய விடப் பெரிய உடம்பு, வீட்டுக்காரியால தூக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும்னா போயிட்டு வரப் பத்தாது. நாலாவது பீரியட யாராச்சும் எடுத்துக்கிட்டா மொபட்ட எடுத்துக்கிட்டு ஓடிருவேன். அவங்க எடுக்க எடுக்க எனக்கு நல்லதுன்னு இருந்துட்டேன்." வாளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஏனாம் போனா அவர யாரு சார் புரட்டுவா?" என்றார்.

பீரியட் பறிபோனால் ஏனாம். பறிபோகாவிட்டால் அப்பாவின் முதுகு. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. லூர்து சாரிடம் போய் என் சுருக்கொப்பங்கள் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கவில்லை.

"இந்த ஆபீசுக்கு ஒரு ஜன்னல் இருக்கு சார்" என்றார். "பதினொன்னே முக்காலுக்கு ஒரு மொபட் கேட்டத் தாண்டிப் போவும். அத ஆபீஸ் இதுவரைக்கும் பாக்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிரேக்கத்துல எப்பத்தான் சண்டைய நிறுத்துனாங்க?"

"ஒலிம்பியாவுல விளையாட்டு நடந்தா போட்டிக்குப் போறவங்கள யாரும் தொடக் கூடாதுன்னு உடன்பாடு உண்டு சார். இல்லன்னா, கடைசில ஒருதரம் பாரசீக ராஜா எல்லாரும் சும்மா இருங்கன்னு உத்தரவு போட்டாரு."

"போன். ஆபீஸ் பாரசீகம்" என்றார்.

மேலிடத்துக் கடிதத்தை எடுத்து, பழுப்புக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். நாங்கள் இத்தனை வருடம் கேலி செய்த அந்த நாடாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆண்டு விளையாட்டு விழா நெருங்குவதால் பி.டி. பீரியடை யாரும் தொடக் கூடாது, மற்ற ஆசிரியர்கள் கலியமூர்த்தி சாருக்கு உதவியாக மைதானத்தில் இருக்க வேண்டும். மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வந்தபோதெல்லாம் 'விவரம் திரட்டப்படுகிறது' என்று பதில் போனது. அது பொய்யும் இல்லை. விவரம் தினமும் மைதானத்தில் வியர்வையோடு திரண்டுகொண்டிருந்தது.

அந்தச் சமாதான காலத்தைப் பார்க்க வேண்டுமே. வசந்தா மேடம் குடை பிடித்துக்கொண்டு ஓட்டத்தின் சுற்றுகளை எண்ண நின்றார். ஓடுகிற பிள்ளைகள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடுவதை இரண்டாம் நாள்தான் கவனித்தோம். ஜபருல்லா சார் ஓடிவந்து, இது உடன்படிக்கை மீறல் என்றார். அவரோ குண்டு எறிதலில் விசையும் முடுக்கமும் நடத்திக்கொண்டிருந்தார். இருவருமே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டும் பரிசீலனைக்குப் போயின.

பருவம் முடிந்தது. கலியமூர்த்தியின் ஒப்பங்கள் தேவையான எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன. லூர்து சார் நாடாவை அவிழ்த்தார், விவரம் போயிற்று. அந்தக் கோப்பிலிருந்து ஒரு காகிதம் உயிரோடு வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஏனாம் மாற்றல் தப்பியது. நான் என் சாமர்த்தியத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் கலியமூர்த்தி மூன்று நாள் வரவில்லை. அப்பாவின் முதுகில் புண் வந்து உடைந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்க் கட்டுப் போட்டு வந்திருக்கிறார்கள். பாரசீக சமாதானம் நடந்த நாட்களில் மத்தியானம் புரட்ட ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்குப் போகாத நாளில் மட்டும் வந்து உதவியிருக்கிறார். ஏனாமைத் தடுத்த குஷியில் முதுகை நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

வசந்தா மேடம், ஜபருல்லா சார், நான் மூவரும் ஒரே ஆட்டோவில் குரும்பகரம் போனோம். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. மகன் தினமும் வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"இதுல ஏதென்ஸ் யாரு?" என்று கேட்டார்.

வசந்தா மேடம் என்னைப் பார்த்தார். பிறகு வகுப்பில் வருகை சொல்லும் பிள்ளை போலப் பாதிக் கையைத் தூக்கி, "நான்தாங்கய்யா" என்றார்.

"நீதானா தாயி. நீ பீரியடு எடுத்துக்கிட்ட நாளெல்லாம் எம்புள்ள மத்தியானம் எங்கிட்ட வந்துருவான். நீ மகராசியா இருக்கணும்." மெதுவாகக் கண்ணைத் திருப்பினார். "ஸ்பார்ட்டாக்காரரு?"

"நாந்தான் பெரியவரே."

"நீங்களும் நல்லா இருக்கணும் தம்பி." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப ஏன் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறீங்க? அவன் மேல ஏதாச்சும் கோவமா?"

கலியமூர்த்தி வாசலைப் பார்த்து நின்றார். புரட்ட வேண்டிய நேரம் வந்தது. தோள் பக்கம் கலியமூர்த்தி, இடுப்புப் பக்கம் ஜபருல்லா சார், முதுகுக்குத் தலையணை வைத்துப் பிடித்தது வசந்தா மேடம். வேலை சத்தமில்லாமல் முடிந்தது. நான் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மறுநாள் காலை வசந்தா மேடம் என் மேஜைக்கு வந்தார். "சார், என்னோட முதல் பீரியட எடுத்து கலியமூர்த்தி சாருக்குப் போடுங்க. அவரோட நாலாவது எனக்கு."

கணக்கு ஆசிரியருக்கு முதல் பீரியட் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. தூங்கி எழுந்த மூளை, வெயில் ஏறாத வகுப்பறை. அதற்காக அவர் எட்டு வருடம் என்னோடு சண்டை போட்டிருக்கிறார். நாலாவது பீரியட் என்பது பசிக்கிற பிள்ளைகள். ஏதென்ஸ் தன் மதிலைத் தானே இடித்தது.

ஜபருல்லா சார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்க எத்தன நாளு குடுக்குறாங்க?"

"வாரத்துல ரெண்டு நாள்" என்றேன்.

"அப்ப நான் மூணு."

சார்ட்டைத் தரையில் விரித்தேன். முதன்முறையாக வெள்ளைத் துண்டுகளை முதலில் வைத்தேன். ஐந்து நாளும் காலை முதல் பீரியட் மைதானத்தில். நாலாவது பீரியடும் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து கலியமூர்த்திக்கு ஓய்வு, இனி மொபட்டை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகள் இரண்டாவது பீரியடுக்கு மண்ணும் வியர்வையுமாக வந்து உட்கார்ந்தார்கள், நாற்றம் தாங்கவில்லை. அந்த அட்டவணையைப் பற்றி மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. லூர்து சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்குச் சந்தோசமா இருக்கு" என்றார். ஆபீஸ் என்று சொல்ல மறந்துவிட்டார்.

என் கொள்ளையை மட்டும் மறைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்ட பிறகு, வந்திருந்த இருவரில் ஒருவர் கணினியில் எதையோ தேடினார். "இந்தக் காரணத்தப் போட இதுல எடமில்ல சார்" என்றார். உங்கள் பி.டி. பீரியடை யார் எடுக்கிறார் என்று கேட்டேன். இருவரும் கிளம்ப நேரமாகிவிட்டது என்றார்கள்.

பெரியவர் அதன் பிறகு மூன்று அறுவடை பார்த்தார். புண் ஆறிவிட்டது, திரும்ப வரவில்லை. அவர் போனபோது நாங்கள் எல்லாரும் மாலையோடு போனோம். வரிசையில் நின்ற உறவுக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கி, "ஏதென்ஸ்காரங்க வந்திருக்காங்க, வழி விடுங்கப்பா" என்றார். வசந்தா மேடம் அழுதுகொண்டே போய் மாலை போட்டார். ஏதென்ஸ் என்பது திருநள்ளாறுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஊர் என்று குரும்பகரத்தில் இன்றும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் இருக்கிற ஊர் என்றும் சொல்கிறார்கள். சரித்திர ஆசிரியராக நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.